குற்றிமேடை முதல் இரண்டாம் வாள் வரை: மரக்காலையில் மர ஓட்டத்தைச் சீராக்கும் வேலை

மரக்காலையில் அரிவு குறைந்தால் முதலில் பழி வாளின் மேல்தான் விழும். பல்லு மழுங்கிவிட்டது, மோட்டர் இழுக்கவில்லை என்பார்கள். ஒரு காலை நேரம் பக்கத்தில் நின்று பார்த்தால் வேறு காட்சி தெரியும். குற்றியைப் பாளங்களாக அரியும் முதல்வாள் சும்மா சுழல, குற்றியை அதற்குள் கொண்டுபோகும் வண்டில் வெறுமையாக நிற்கும். அல்லது பாளங்களை அளவுக்கு அரியும் இரண்டாம்வாளுக்கு முன்னால் பாளங்கள் குவிந்து, அவற்றை இழுத்து ஒதுக்கவே இரண்டு பேர் மெனக்கெடுவார்கள். இரண்டு மெசினும் நல்ல நிலையில் இருந்தும் இடையில் மரம் வரும் ஒழுங்கு கெட்டிருக்கும். அந்த ஒழுங்கைச் சரிப்படுத்த யாழ்ப்பாணத்துச் சிறு மரக்காலை ஒன்றில் செய்த அமைப்பின் விவரம் இது. குற்றிமேடை (குற்றிகள் வரிசையாகக் காத்திருக்கும் சங்கிலிமேடை), வண்டிலோடு ஒரு பட்டைவாள், அடுத்துச் சிறிய பட்டைவாள் என்ற அடுக்குள்ள எந்த மரக்காலைக்கும் பொருந்தும்.

முதலில் நேரத்தை அளக்க வேண்டும்

இரும்பு வாங்குவதற்கு முன் கைக்கடிகாரம் போதும். ஒவ்வொரு மர வகையிலும் பத்துக் குற்றிக்காவது, வண்டிலில் ஏறியதிலிருந்து வண்டில் மீண்டும் வெறுமையாகும் வரை எடுத்த நேரத்தையும், அதே குற்றியின் பாளங்கள் இரண்டாம்வாளில் முடிய எடுத்த நேரத்தையும் தனித்தனியே எழுதுங்கள்.

இங்கே வந்த கணக்கு இப்படி. 10 அடித் தேக்குக் குற்றியை ஐந்து பாளமாக அரிய முதல்வாளுக்கு ஐந்தரை நிமிடம். அந்த ஐந்தும் இரண்டாம்வாளில் முடிய ஐந்து நிமிடம். ஏறத்தாழச் சமம். பனைக்கு வந்தால் கதை மாறும். பனையை நாலாகப் பிளக்க மூன்று அரிவு போதும், மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கால்துண்டிலும் சோற்றியை (உள்ளே உள்ள மென்பகுதியை) நீக்கி, வைரத்தைச் சிலாகையாக (கூரைச் சட்டமாக) எடுக்க இரண்டாம்வாளில் ஏழு நிமிடம் போகும். தீராந்திக்கு (பெரிய உத்தரத்துக்கு) அரியும்போது நேர்மாறு: முதல்வாள் ஓயாது, இரண்டாம்வாளுக்கு ஓரம் நேர்ப்படுத்துவதைத் தவிர வேலை இல்லை.

ஆக, எந்த மெசின் இழுபடுகிறது என்பது அன்று அரியும் மரத்தையும் அளவையும் பொறுத்தது. குற்றிமேடையை ஒரே வேகத்தில் ஓட விட்டு இதைச் சமாளிக்க முடியாது. பின்னால் நிற்கும் மெசினில் இடம் இருந்தால் மட்டும் முன்னால் இருந்து மரம் விடப்பட வேண்டும். முழு அமைப்பும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

குற்றிமேடையும் அதன் இழுவையும்

மேடையின் நீளம் 12 அடி. 66.27 மி.மீ. இடைவெளிச் சங்கிலி (81எக்ஸ் என்று கேட்டால் தருவார்கள்) இரண்டு வரிசை, இடையில் 5 அடி. வன்னிப் பகுதியிலிருந்து வரும் பாலைமரம்தான் பாரத்தில் மிக மோசமானது, கணக்கை அதற்கே போட வேண்டும். 16 அங்குல விட்டம், 10 அடி நீளம், பச்சை மரம் கனமீற்றருக்கு 1,200 கிலோ என்று வைத்தால் ஒரு குற்றி ஏறத்தாழ 470 கிலோ. ஆறு குற்றிக்கு 2,800 கிலோவுக்கு மேல். சங்கிலி இரும்புத் தண்டவாளத்தில் உரசும் எதிர்ப்பை எடையில் 0.35 பங்கு என்று எடுத்தால் இழுவை ஒரு தொன் அளவு. நிமிடத்துக்கு 7.7 மீற்றர் வேகத்தில் 1.25 கிலோவற் வேண்டும். புழுப்பல் கியர்ப்பெட்டியில் முப்பது சதவீதம் வீணாகும் என்று சேர்த்தால் 1.8 கிலோவற். எனவே 2.2 கிலோவற் மோட்டர், அதாவது 3 குதிரைவலு. 1.5 கிலோவற்றும் வெறும் மேடையில் அழகாய் ஓடும், மாரியில் ஈரமும் மண்ணும் சேர்ந்த குற்றி ஆறு ஏறியதும் நின்றுவிடும்.

வேகம் வந்த வழி: மோட்டர் நிமிடத்துக்கு 1,400 சுற்று, கியர்ப்பெட்டி 40க்கு 1, பிறகு 15 பல்லிலிருந்து 45 பல்லுக்கு, கடைசிப் பற்சில்லு 10 பல்லு. வேகக் கட்டுப்படுத்தியில் கீழ் எல்லை 20 ஹேர்ட்ஸ். அதற்குக் கீழே மோட்டரின் சொந்த விசிறி குளிர்த்தாது. வேகம் எடுக்க 3 வினாடி, நிற்க 2 வினாடி. சடுதியாக எடுத்தால் வட்டக்குற்றிகள் பின்னோக்கி உருளும்.

சங்கிலி இரண்டையும் எப்போதும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். ஒன்று பழசு, ஒன்று புதிது என்றால் தேய்ந்தது நீண்டிருக்கும். குற்றி கோணலாக வந்து ஒரு முனை முந்தும். கோணல் குற்றியை வண்டிலில் நேர்ப்படுத்தப் போகும் நேரம் சங்கிலி விலையைவிட அதிகம். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய சங்கிலி வாங்குகிறவர்கள் 20 கண்ணி நீளத்தை அளந்து பார்க்கட்டும். புதிதில் 1,325 மி.மீ. இருக்கும், 1,355ஐத் தாண்டியிருந்தால் வேண்டாம்.

ஒன்று ஒன்றாக விடும் கை

இந்த அமைப்பில் அதிகம் யோசிக்க வேண்டிய பாகம் இதுதான். மேடைச் சங்கிலி முடியும் இடத்திலிருந்து வண்டில் வரை 2 அடிச் சரிவு, அந்த 2 அடியில் 2 அங்குல இறக்கம். சரிவின் நடுவே 50 மி.மீ. தண்டு ஒன்று, அதில் இரட்டைக் கைகள் இரண்டு சோடி, 5 அடி இடைவெளியில். முன்கை எழுந்து குற்றியைத் தடுக்கும்போது பின்கை தாழ்ந்திருக்கும். முன்கை தாழ்ந்து அதை விடும்போது பின்கை எழும். இரண்டும் ஒரே தண்டில் வெல்ட் செய்யப்பட்ட ஒரே தகட்டின் இரண்டு கொம்புகள் என்பதால் இரண்டும் ஒன்றாகத் தாழ வழியே இல்லை. தகடு 20 மி.மீ., தண்டவாளத்துக்கு மேல் 6 அங்குல உயரம். பேரிங் யூ.சி.பீ. 210 நாலு, ஒவ்வொரு சோடிக் கைக்கும் இருபக்கமும் 10 செ.மீ.க்குள். பேரிங்கைத் தூரத் தள்ளினால் தண்டு வளையும்.

கைகளுக்கு இடையிலான தூரம்தான் சூட்சுமம். பின்கை எழும்போது அதன் நுனி முதற்குற்றிக்கும் இரண்டாம் குற்றிக்கும் இடையில் நுழைய வேண்டும். குற்றி சிறிதாக இருந்தால் நுனி இரண்டாம் குற்றியின் அடிவயிற்றைத் தாண்டி எழும்பி அதையும் முன்னால் தள்ளும். இரண்டு குற்றி ஒன்றாகப் போகும். மிகப் பெரிதாக இருந்தால் முதற்குற்றியின் முன்பாதிக்குக் கீழே எழும்பி அதைப் பின்னுக்குத் தள்ளும், ஒன்றும் போகாது. கைகளின் தூரத்தில் 0.8 மடங்கிலிருந்து 1.5 மடங்கு வரை விட்டமுள்ள குற்றிகள் ஒழுங்காகப் போகும். எனவே பின்கையின் நுனித்துண்டை மட்டும் போல்ற்றில் பூட்டி இரண்டு துளை நிலை வையுங்கள். 10 அங்குல நிலையில் 8 முதல் 15 அங்குலக் குற்றி; பனை முழுவதும் இதில் அடங்கும். 15 அங்குல நிலையில் 12 அங்குலத்துக்கு மேல். 18 அங்குலத்தைத் தாண்டியதையும், 16 அங்குலத்தைத் தாண்டிய பாலையையும் மேடையில் ஏற்றாமல் செயின்புளொக்கில் தூக்கி நேரே வண்டிலில் வைப்பதே நல்லது. முற்றத்தில் இறக்கும்போதே சிறிசு பெரிசாக இரண்டு குவியல் போட்டால் இந்தக் கை ஒரு நாளும் தொல்லை தராது. கலந்து ஏற்றினால் எவ்வளவு நல்ல கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்தும் பயனில்லை.

அடுத்தது மோதல். 470 கிலோக் குற்றி 2 அங்குலம் இறங்கி உருண்டு வந்து இரும்பில் மோதி ஒரு சென்ரிமீற்றருக்குள் நின்றால், கையில் விழும் விசை இரண்டு தொன்னுக்கு மேல். அதே குற்றி 5 செ.மீ. அமுங்கும் றப்பரில் நின்றால் அரைத் தொன்னுக்குள் அடங்கும். லொறி ரயரின் மிதிபக்கத்தை வெட்டி மூன்று அடுக்காக முன்கையின் முகத்தில் போல்ற் செய்தது போதும். ரயர் வைக்காத கைகளில் வெல்ட் வேரில் வெடிப்புக் காணும். வெட்டி மறுபடி வெல்ட் செய்வதால் அது தீராது.

கையை அசைக்க 100 மி.மீ. விட்ட, 200 மி.மீ. ஓட்டமுள்ள காற்றுச் சிலிண்டர். 6 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 480 கிலோ தள்ளும். ஆனால் குற்றியின் பாரம் சிலிண்டரில் தங்கக் கூடாது. முன்கை நிமிர்ந்து நிற்கும்போது மோதும் கோடு தண்டின் நடுவுக்குச் சற்று மேடைப் பக்கமாகப் போகும்படி கோணத்தை வைத்து, தகட்டின் வால் ஒரு நிறுத்தியில் முட்டி நிற்க வேண்டும். அப்போது காற்றே இல்லாமலும் கை நிற்கும். மேலதிகமாக முன்கை எழும் பக்கத்துக்கு 12 கிலோ எதிர்ப்பாரம். மின்சாரம் போனாலும் காற்று போனாலும் குற்றி வண்டிலுக்கு உருளாது. இதில் சமரசம் வேண்டாம். வண்டிலில் ஆள் நிற்கிறார். வல்வு ஒற்றைச் சுருளும் மீள்வில்லும் உள்ள வகை. காற்று வெளியேறும் பக்கத்தில் வேகத்திருகு போட்டு, கை ஒன்றரை வினாடியில் மாறும்படி இறுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கொம்பிரசர் தொட்டியில் தண்ணீர் நிறையும். தினமும் வடிக்காவிட்டால் வல்வு ஒட்டிக்கொள்ளும்.

இடைமேடை எவ்வளவு நீளம்?

முதல்வாளுக்கும் இரண்டாம்வாளுக்கும் நடுவில் பாளங்கள் காத்திருக்கும் சங்கிலிமேடை இது. கொழுவி இல்லாத வெறும் சங்கிலி. நீளம் 12 அடி என்று வந்தது இப்படி: ஒரு பாளத்துக்கு ஓர் அடி. ‘போதும்’ என்று கட்டுப்பாடு சொன்ன பிறகும் வண்டிலில் ஏறிவிட்ட குற்றி ஐந்து பாளம் தந்தே தீரும். அந்த ஐந்துக்கும் இடம் ஒதுக்கினால் நிறுத்தும் குறி, இரண்டாம்வாள் முனையிலிருந்து எண்ணினால், 7ஆம் அடியில் வரும். மீண்டும் விடும் குறி 4ஆம் அடியில். இரண்டு குறிக்கும் இடையில் 3 அடி இல்லாவிட்டால் ஒரு பாளம் அசைந்ததும் நில், போ, நில், போ என்று விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும்.

4 முதல் 7 பாளம் என்பது தேக்கில் இரண்டாம்வாளுக்கு நாலு முதல் ஏழு நிமிட வேலை. முதல்வாளில் முண்டு மரம் மாட்டினால், குற்றியைத் திருப்ப நேரம் போனால், அந்த இடைவெளியைத் தாங்கும். வாள் மாற்றும் இருபது நிமிடத்தைத் தாங்காது. அதற்கும் சேர்த்து மேடையை நீட்டப் பார்த்தால் இன்னும் ஒரு கொட்டகை வேண்டும். இரண்டு வாளையும் ஒரே நேரத்தில் மாற்றுவதுதான் மலிவான வழி.

மேடைக்கடைசியில் முட்டுத்தகடு. பாளம் முட்டியதும் எல்லைச்சுவிச்சு சங்கிலியை நிறுத்தும், ஆனால் உடனே அல்ல. ரைமரில் 8 வினாடி கழித்து. அந்த 8 வினாடியில் பின்னால் வருபவை நகர்ந்து நெருங்கி அடுக்கும். பனைக்கு இதை 2 வினாடிக்குக் குறைக்க வேண்டும். பனையின் கால்துண்டு மூன்று மூலையாக இருப்பதால் நெருக்கினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஏறியதைக் கையால் இறக்கும்போது சிராம்பு ஏறாத விரல் இல்லை. இந்தச் சங்கிலியைப் பீ.எல்.சிக்கு (நிரல்படி மெசின்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு) கொண்டுவரத் தேவையில்லை. எல்லைச்சுவிச்சு, ரைமர், இரண்டாம்வாள் ஓடுவதைக் காட்டும் தொடுப்பு மூன்றும் நேரே மோட்டருக்கு மின்சாரம் விடும் கொன்ராக்டருக்குப் போகலாம்.

கண்ணா, தட்டா?

ஒளிக்கண் வாங்கிப் பொருத்துவது எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. திறந்த கொட்டகையில் பின்னேர வெயில் சரிந்து ஏற்கும் கண்ணுக்குள் விழும், மரத்தூள் படியும், பனைநார் தொங்கி மறைக்கும். மூன்றும் ‘மரம் இருக்கிறது’, ‘இல்லை’ என்று பொய் சொல்ல வைக்கும். இங்கே எல்லா இடத்திலும் கீல் போட்ட 6 மி.மீ. தகட்டுத்தட்டு. மரம் ஏறினால் தட்டு அமுங்கும், கீழே இருக்கும் 18 மி.மீ. உலோகமுணரி தட்டின் அசைவைப் பார்க்கும். 8 மி.மீ. எட்டும் உணரியை, அமுங்கிய தட்டிலிருந்து 4 மி.மீ. தள்ளிப் பூட்டுங்கள். மரம் உணரியைத் தொடவே தொடாது.

இடைமேடைத் தட்டுகள் ஓட்டத்திசையில் 2 அடி நீளம் இருக்க வேண்டும். சிறிய தட்டு வைத்தால், சங்கிலி நின்ற நேரத்தில் இரண்டு பாளங்களின் இடைவெளி சரியாகத் தட்டின் மேல் வந்து, நிறைந்த மேடையை வெறுமை என்று காட்டும். அந்தப் பிழையை ரைமர் திருத்தாது.

உணரி மூன்று கம்பி, பீ.என்.பீ. வகை, 24 வோல்ற். மண்ணிறம் நேர், நீலம் சுழியம், கறுப்பு சமிக்ஞை. வேகக் கட்டுப்படுத்தியிலிருந்து மோட்டருக்குப் போகும் கேபிளை உணரிக் கேபிளிலிருந்து 30 செ.மீ. தள்ளிக் கொண்டுபோங்கள், ஒரே குழாயில் போட்டால் மேடை தானாகத் தொடங்கும். அணிலும் எலியும் கடிக்காத இரும்புக்குழாய் அவசியம். கடற்காற்று வரும் பக்கத்தில் இணைப்புப்பெட்டியின் கேபிள்வாயை எப்போதும் கீழ்நோக்கி வைக்க வேண்டும்.

தர்க்கம்

8 உள்ளீடும் 4 வெளியீடும் உள்ள சின்னப் பீ.எல்.சி போதும். உள்ளீடுகள்: முன்கையில் குற்றி, வண்டில் ஏற்றும் இடத்தில், வண்டில் வெறுமை, 4ஆம் அடித்தட்டு, 7ஆம் அடித்தட்டு, கால்மிதி, இரண்டாம்வாள் ஓட்டம், அவசர நிறுத்த நிலை. வெளியீடுகள்: கைவல்வு, மேடைச்சங்கிலி, பச்சை, சிவப்பு.

7ஆம் அடித்தட்டு 5 வினாடி அமுங்கியிருந்தால் ‘போதும்’ பூட்டு விழும். 4ஆம் அடித்தட்டு 3 வினாடி எழும்பியிருந்தால் பூட்டுத் திறக்கும். பூட்டுத் திறந்து, வண்டில் தன் இடத்தில், வெறுமையாக, இரண்டாம்வாள் ஓடிக்கொண்டு இருந்தால் பச்சை எரியும். பச்சை எரிந்தாலும் கை தானாக அசையாது. வண்டில்காரர் மிதியை மிதித்தால் மட்டுமே ஒரு குற்றி வரும். மிதியில் கால் வைத்துக்கொண்டே இருந்தாலும் ஒன்றுக்கு மேல் வராதபடி, காலை எடுத்து மீண்டும் மிதித்தால்தான் அடுத்தது.

முன்கையில் 2 வினாடி குற்றி இல்லாவிட்டால் மேடைச்சங்கிலி ஓடும், குற்றி வந்ததும் நிற்கும். 25 வினாடி ஓடியும் வரவில்லை என்றால் சிக்கல். நின்று சிவப்பு மினுங்கும். சிக்கலில் சங்கிலியைத் தானாகப் பின்னோட வைக்கும் வசதியைப் போடாதீர்கள். அந்த நேரம் அலவாங்கோடு ஒருவர் மேடையில் நிற்பார்.

அவசர நிறுத்தம் பீ.எல்.சி வழியாகப் போகாமல் நேர்க் கம்பியில் கொன்ராக்டர்களை விழுத்த வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பினால் எதுவும் தானாகத் தொடங்காது. இரண்டாம்வாள், இடைமேடை, முதல்வாள், குற்றிமேடை என்று பின்னிருந்து முன்னாகத்தான் தொடக்க முடியும்.

வடக்கு மரத்துக்கென்று ஒரு வேலை

போர்க்காலத்து ஷெல் துண்டும் சன்னமும் பழைய பனையிலும் வன்னிப் பகுதி மரங்களிலும் இன்னும் கிடக்கின்றன. ஒன்று பட்டால் வாள் போகும், அறுந்த வாள் ஆளையும் தாக்கும். கையால் பிடிக்கும் உலோகம் காட்டும் கருவியை மேடையில் வைத்துப் பயன்படுத்த முடியாது, தண்டவாளத்தைப் பார்த்தே கத்தும். முற்றத்தில் இரண்டு பனங்கட்டை மேல் குற்றியைக் கிடத்தி, நாலு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். சிறு துண்டைக் கருவி சில அங்குல ஆழத்துக்குத்தான் காட்டும் என்பதால் ஒரு பக்கம் பார்த்தது போதாது. வெட்டுமுகத்தில் நீலக்கறுப்புக் கறை தெரிந்தால், கருவி கத்தாவிட்டாலும் அந்தக் குற்றியை ஒதுக்குங்கள். இரும்பு துருப்பிடித்து மரச்சாற்றோடு சேர்ந்தால் அந்த நிறம் வரும். பார்த்து முடித்ததற்கு வெட்டுமுகத்தில் சுண்ணாம்புக்கோடு. கோடில்லாத குற்றி மேடை ஏறக் கூடாது.

இந்தச் சோதனைக்குக் குற்றிக்கு இரண்டு மூன்று நிமிடம் போகும். அதனால்தான் மேடையில் ஆறு குற்றி நிற்க இடம் விட்டது. செம்மண்ணையும் அங்கேயே தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டால் வாளின் பல்லு நீடிக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது வாள்களை நிறுத்திவிட்டு, கழிவுக்குற்றியும் பழைய பாளங்களும் போட்டுத் தொடங்குங்கள். தட்டு ஒவ்வொன்றையும் காலால் மிதித்து பீ.எல்.சி விளக்கைப் பாருங்கள். காற்றை நிறுத்திவிட்டு முன்கையில் குற்றியை உருட்டி விட்டு, கை தாங்குகிறதா என்று பாருங்கள். பிறகு தேக்கு, கடைசியாகப் பனை. பனை அரியும் நாளில் முதல்வாள் பாதிக்கு மேல் சும்மா நிற்கும். அது பிழையல்ல. அங்கே நிற்கும் ஒருவரை இரண்டாம்வாளுக்கு அனுப்பினால் அங்கே போகும் ஏழு நிமிடத்தில் கொஞ்சம் குறையும். கிழமைக்கு ஒருமுறை தட்டுகளுக்கு அடியில் சேரும் தூளைக் கூட்டி எடுக்க வேண்டும். தூள் இறுகினால் தட்டு முழுதாக அமுங்காது, உணரி அதை வெறும் இடமாகவே காட்டும்.